இலங்கைத் தோட்டத்துக்கு ரோட் ட்ரிப் போகணும்: ஆறு பேர், கம்மி பட்ஜெட், ஐடியா சொல்லுங்க

மேலூர்க்காரன்
எல்லாருக்கும் வணக்கம். எங்க அப்பா பொறந்தது இலங்கையில, அட்டன் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டம். சாஸ்திரி ஒப்பந்தத்துல (தோட்டத்து சனத்துல ஒரு பகுதிய இந்தியாவுக்குத் திருப்பி அனுப்ப 1964ல ரெண்டு அரசும் போட்டது) அப்பத்தாவும் தாத்தாவும் புள்ளைகளக் கூட்டிக்கிட்டு கப்பல்ல வந்து எறங்குனப்ப அப்பாவுக்கு பதினஞ்சு வயசு. அப்பத்தா போன வருசம் தவறிட்டாங்க, அதுலருந்து அப்பாவுக்கு ஒரே நெனப்பு, சாகுறதுக்குள்ள ஒருக்கா அந்த லயத்த (தோட்டத்து லைன் வீடு) பாத்துட்டு வந்துரணும், எங்க பாட்டனப் (என் தாத்தாவோட அப்பா) பொதச்ச எடத்துல ஒரு சூடம் ஏத்திட்டு வந்துரணும்னு. அப்பா, அம்மா, சித்தப்பா, நான், வீட்டுக்காரி, பையன், மொத்தம் ஆறு பேர். மதுரையிலருந்து கொழும்புக்கு ஃப்ளைட் இருக்கு, அங்க எறங்கி ஒரு வண்டிய வாடகைக்கு எடுத்து நானே ஓட்டிக்கிட்டு போயிரலாம்னு நெனைக்கிறேன், அங்கயும் எடதுபக்கம்தானே ஓட்டுறாங்க. தலைக்கு 40 ஆயிரத்துக்குள்ள முடியுமா? இங்க ஒரு ட்ராவல்ஸ்ல கேட்டா சீதை கோயில், கண்டி, பீச்சுன்னு ஒரு பேக்கேஜ நீட்டுறாங்க, தோட்டம்னு சொன்னா "டீ ஃபேக்டரி விசிட் இருக்கு சார்"ங்கிறாங்க. போயிட்டு வந்தவங்க சொல்லுங்க.

கூடல்நகர் மணி
நானே ஓட்டுறேங்கிறத மட்டும் விட்ருங்க தம்பி. நம்ம ஆர்டிஓ ஆபீஸ்ல ஆயிரம் ரூவா கட்டுனா இன்டர்நேஷனல் பெர்மிட் குடுத்துருவாங்க, ஒரு வருசம் செல்லும், ஆனா இலங்கையில அத மட்டும் வச்சு ஓட்ட முடியாது, அங்க உள்ள ஆட்டோமொபைல் அசோசியேசன்ல ஒரு ஒப்புதல் வாங்கணும், இல்ல தற்காலிக லைசென்ஸ் எடுக்கணும். அத வாங்கி ஓட்டுறவங்க ஓட்டுறாங்க, தப்பில்ல. ஆனா உங்க கேசு வேற. கினிகத்தேனை பக்கம் மலை ஏறி, அதுக்கப்புறம் தோட்டத்து கல்லு ரோட்டுல ஆறு பேரு, வயசானவங்கள வச்சுக்கிட்டு போறதுக்கு அந்த ஊரு டிரைவர்தான் சரி. நாங்க போனப்ப வேனு, டிரைவரு, டீசல் எல்லாம் சேத்து ஒரு நாளைக்கு அவங்க காசுல 20 ஆயிரம் பக்கம் ஆச்சு. நம்ம ஒரு ரூவாய்க்கு மூணு ரூவாய்க்கு மேலயே அவங்க ரூவா கெடைக்கும், அப்ப கணக்குப் போட்டுக்கங்க, ஆறு பேருக்குப் பிரிச்சா ஒண்ணும் பெருசில்ல. டிரைவருக்கு ராத்தங்க எடம், சாப்பாடு யாரு பொறுப்புன்னு முன்னாடியே பேசிருங்க, சண்ட வர்றதெல்லாம் அங்கதான்.

தமிழ் பேசுற டிரைவரா கேளுங்க. மன்னார்லயும் அட்டன்லயும் தாராளமா கெடைப்பாங்க.

திருமங்கலம் டீச்சர்
வண்டி பத்தி அப்புறம் பேசலாம், தோட்டம் பேரு தெரியுமா? "அட்டன் பக்கம்"னு சொல்றது "மதுரைப் பக்கம்"னு சொல்ற மாதிரி. பேரு தெரியாம போனா டீ தூள் வாங்கிட்டு வரலாம், அவ்வளவுதான்.

வீட்டுல குடும்ப அட்டை இருக்கான்னு தேடுங்க. தாயகம் திரும்பினவங்களுக்கு மறுவாழ்வு உதவிக்காகக் குடுத்தது, நம்ம ரேசன் கார்டு இல்ல. அதோட கண்டியில இருந்த இந்தியத் துணைத் தூதரகத்துல குடுத்த பாஸ்போர்ட்டும் இருக்கும், அதுல தோட்டத்து விலாசம் இருக்கும். ஒப்பந்தத்துல வந்த குடும்பங்கள்ல இதத் தூக்கிப் போட்டவங்க கம்மி, பேங்க் லோனுக்குக் கேப்பாங்க, சாதிச் சான்றிதழுக்குக் கேப்பாங்கன்னு பத்திரமா வச்சிருப்பாங்க.

இன்னொண்ணு. பாட்டன் எந்த வருசம் போனாருன்னு கேட்டு வைங்க. அத வச்சுத்தான் எந்த வழியா போறதுன்னே முடிவு பண்ணணும்.

மேலூர்க்காரன்
டீச்சர் கையெடுத்துக் கும்பிடுறேன். அப்பத்தாவோட டிரங்குப் பெட்டியில இருந்துச்சு. பழுப்பேறிப்போன அட்டை, மடிச்ச எடத்துல கிழிஞ்சு செல்லோடேப் ஒட்டியிருக்கு, அந்த டேப்பும் இப்ப மஞ்சளாப் போச்சு. குடும்பமா எடுத்த போட்டோ, அதுல அப்பா டவுசர் போட்டு வெறப்பா நிக்கிறாரு, சித்தப்பா அப்பத்தா மடியில. பேரு வயசு எல்லாம் தெளிவா இருக்கு, தோட்டம் பேருல மட்டும் முத்திர விழுந்து பாதி அழிஞ்சிருச்சு, டிக்கோயா போஸ்ட்டுங்கிறது மட்டும் படிக்க முடியுது. அப்பா வேற பேரு சொல்றாரு, அட்டையில உள்ள இங்கிலீஷ் எழுத்துக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல. மேப்ல அடிச்சா அப்பா சொல்ற பேருல ஒண்ணுமே வரல.

பாட்டன் பஞ்சத்துல நடந்தே போனாருன்னுதான் அப்பத்தா சொல்லும். தாது வருசப் பஞ்சம்னு.

கொட்டகலை தம்பி
வணக்கம் அண்ணே, நான் இங்க கொட்டகலையில இருந்து எழுதுறேன். அப்பா சொல்றது சரியா இருக்கும். இங்க தோட்டங்களுக்கு கம்பெனி வச்ச இங்கிலீஷ் பேரு ஒண்ணு, நம்ம ஆளுக கூப்புடுற பேரு ஒண்ணு. மேப்ல இருக்கிறது கம்பெனி பேரு. டிக்கோயா டவுன்ல ஸ்டாண்டுல நிக்கிற ஆட்டோக்காரங்ககிட்ட அப்பா சொல்ற பேரச் சொன்னா கொண்டுபோய் விட்ருவாங்க. பெரிய தோட்டம்னா டிவிசனும் தெரியணும், மேல் பிரிவு, கீழ்ப் பிரிவுன்னு இருக்கும், ஒண்ணுக்கும் இன்னொண்ணுக்கும் நடுவுல ஒரு மலையே இருக்கும்.

எஸ்டேட் ரோடு கம்பெனிக்குச் சொந்தம், வேன்ல நேரா உள்ள போயிராதீங்க. ஆபீஸ்ல சொல்லணும், இல்லன்னா தோட்டத் தலைவர் ஒருத்தர் இருப்பாரு, யூனியன் ஆளு, அவரப் புடிச்சுட்டா எல்லாம் சுலுவு. ஞாயித்துக்கெழம வாங்க, மத்த நாள்ல வந்தா சனம் பூராம் மலையில கொழுந்து எடுத்துக்கிட்டு நிக்கும், லயத்துல கெழடுகளும் நாய்களுந்தான் இருக்கும். பௌர்ணமி நாள் இங்க போயா, லீவு, ஆபீஸ் எதுவும் தொறக்காது. ஏப்ரல்ல வராதீங்க, நுவரெலியா சீசன், ரூம் வாடக ரெண்டு மடங்கு கேப்பாங்க.

ஒரு விசயம் சொல்றேன், மனசு கஷ்டப்படாதீங்க. பாட்டனப் பொதச்ச எடம் கெடைக்காது. தோட்டத்துல நம்ம ஆளுகளுக்குக் கல்லறை கட்டுறதுங்கிறது அந்தக் காலத்துல ஏது, ஒரு வாழக்கன்னோ தேயிலக்கன்னோ நட்டு வச்சிட்டு வந்திருப்பாங்க. பல எடத்துல மயானமே தேயிலையாப் போச்சு. தொரைமாருக்கு மட்டும் கல்லு இருக்கு. டிக்கோயா பக்கம் வார்லி சர்ச்னு 1878ல கட்டுனது, கீழ காசல்ரீ டேம் தண்ணி தெரியும், அங்க போய்ப் பாருங்க, வெள்ளக்காரன் பேரு, ஊரு, செத்த தேதி எல்லாம் கல்லுல பளிச்சுன்னு வாசிக்கலாம்.

வைகைக்கரை பெருசு
அப்பறம் எதுக்குப்பா அம்புட்டு தூரம்? கல்லறையும் இல்ல, லயத்துல வேற எவனோ குடியிருப்பான். ரெண்டரை லட்சத்த வச்சு ஊர்ல பாட்டன் பேருல ஒரு போர் போட்டு தண்ணித் தொட்டி கட்டுனா நாலு ஆடு மாடு குடிக்கும்.

மேலூர்க்காரன்
பெருசு, அப்பாகிட்ட நீங்களே ஃபோன் போட்டு சொல்லுங்க, நான் நம்பர் தர்றேன் 😀

செல்லூர் அக்கா
பெருசு சொல்றதுல ஒரு நியாயம் இருக்குதான், ஆனா அவரு அப்பா பொறந்த எடத்தப் பாக்கணும்ங்கிறதுக்கு யாருகிட்ட ரசீது காட்டணும்? விடுங்க.

தம்பி, தாது வருசம் கதையக் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பாருங்க. தாதுப் பஞ்சம் 1876 - 78. உங்க அப்பா பொறந்தது 58 வாக்குல இருக்கும், தாத்தா 1930ன்னு வச்சுக்குவோம், அப்ப பாட்டன் 1900 பக்கம் பொறந்தவரு. பஞ்சத்துல நடந்து போனது பாட்டனோட அப்பனா இருக்கணும், இல்லன்னா பாட்டன் போனது 1920கள்ல, நடந்தே இருக்க மாட்டாரு. ஏன் இவ்வளவு நோண்டுறேன்னா வழியே மாறும்.

பழைய ஆளுக போனது காப்பித் தோட்டத்துக்கு. ராமநாதபுரம் கரையிலருந்து தோணியில மன்னார்ப் பக்கம் எறங்கி, அங்கருந்து மதவாச்சி, அனுராதபுரம், தம்புள்ளைன்னு காட்டு வழியா மாத்தளைக்கு நடந்தாங்க. காலராவுலயும் காச்சல்லயும் தண்ணியில்லாமயும் வழியெல்லாம் செத்து விழுந்தாங்க, கூட வந்தவங்க நிக்காம போய்க்கிட்டே இருந்திருக்காங்க, நின்னா அவங்களும் செத்திருப்பாங்க. அந்த நூற்றாண்டு கடைசியில தூத்துக்குடி கப்பல் வழி வந்துருச்சு, தட்டப்பாறையில கேம்ப். 1914ல தனுஷ்கோடி - தலைமன்னார் கப்பல் ஓட ஆரம்பிச்ச பெறகு மண்டபம் கேம்ப்ல வச்சு ஊசி குத்தி, மேல மருந்தடிச்சு, கப்பல்ல ஏத்தி, அங்கிட்டு ரயில்ல கொண்டுபோய் மலையில எறக்கிட்டாங்க.

அதனால உங்க பாட்டன் போன வழின்னா மண்டபம், தனுஷ்கோடி, தலைமன்னார் துறை, அப்புறம் ரயில். அவரோட அப்பன் போன வழின்னா மன்னார் - மாத்தளை ரோடு. ரெண்டும் தலைமன்னார்ல ஆரம்பிக்குது, அது உங்க அதிர்ஷ்டம். கொழும்புல எறங்கி நேரா அட்டன் போனா ஒரே நாள்ல தோட்டம் வந்துரும், வாஸ்தவந்தான், ஆனா அப்பாவுக்கு அது பத்தாது.

பைசா செலவில்லாத பாதிய மொதல்ல முடிங்க. ஒரு ஞாயித்துக்கெழம வெள்ளன கெளம்பி மண்டபம், தனுஷ்கோடி போயிட்டு வாங்க. மண்டபம் கேம்ப் இப்ப அகதிகள் முகாம், பெர்மிசன் இல்லாம உள்ள விடமாட்டாங்க, ரோட்டுலருந்து பாக்கலாம். அப்பா கப்பல்ல வந்து எறங்குனதும் அந்தப் பக்கந்தானே, அவர் வாயாலயே கேட்டு ஃபோன்ல ரெக்கார்ட் பண்ணிக்கங்க, எந்தத் தோட்டம், யாரு கங்காணி, லயத்துக்குப் பக்கத்துல என்ன கோயில் எல்லாம். தனுஷ்கோடி 64 டிசம்பர் புயல்ல போனது, அதுக்குப் பெறகு கப்பல் ராமேஸ்வரத்துலருந்து ஓடுச்சு, உங்க அப்பா வந்தது ராமேஸ்வரத்துக்குத்தான்.

பாண்டிகோயில் ரோடு பாலா
அக்கா கோயிலச் சொன்னீங்க பாருங்க, அதான் மெயின். எங்க மாமா குடும்பமும் அங்க இருந்தவங்கதான். லயத்த இடிச்சுக் கட்டிருப்பான், பேர மாத்திருப்பான், கோயில மட்டும் எடுக்க மாட்டான். நம்ம ஊர்லருந்து போனவங்க குலசாமி கோயில்ல பிடிமண் எடுத்துக்கிட்டுப் போயி அங்க வச்சுக் கும்பிட்டிருக்காங்க. கருப்பு, முனியாண்டி, மதுரைவீரன் எல்லாம் அங்க தேயிலைக்கு நடுவுல கல்லா நிக்கிறாங்க. அதோட அந்த ஊருக்குன்னே ஆன சாமியும் உண்டு, டீ ஃபேக்டரி மெசின் சக்கரத்துக்கு ரோதை முனின்னு ஒரு முனி, கவ்வாத்து வெட்டுறப்ப கும்பிட கவ்வாத்துச் சாமி.

அப்பாகிட்ட கேளுங்க, லயத்துக்கு மேல என்ன சாமி, கீழ என்ன சாமின்னு. டிக்கோயா போயி "பதினெட்டாம்படியான் இருக்கிற டிவிசன் எது"ன்னு கேட்டா மேப்பே வேணாம்.

நீங்க போறப்ப நம்ம குலசாமி மண்ண எடுத்துட்டுப் போகலாமான்னு தோணும், எடுக்காதீங்க. ஏர்போர்ட்ல மண்ணு, செடி, வெத எதுவும் விடமாட்டாங்க, சட்டப்படி தடை. திருநீறு ஒரு பொட்டலம் போதும்.

மேலூர்க்காரன்
கேட்டேன் பாலா. உக்காந்த எடத்துலயே வரிசையா ஒப்பிக்கிறாரு, ஃபேக்டரிக்குப் பின்னாடி ரோதை முனி, காலைல ஆள் கணக்கு எடுக்குற பெரட்டுக் களத்துல ஒரு மாரியம்மன், ஆத்தோரம் மட்டக் குதிர, அதுமேல கருப்பு, பக்கத்துல ஒரு பெரிய சவுக்கு மரம். அம்பது வருசத்துக்கு மேல ஆச்சு, இங்க ரேசன் கடைக்குப் போனா பை எங்க வச்சேன்னு கேக்குற ஆளு.

கொட்டகலை தம்பி
ஆத்தோரம் கருப்பு, மேல ஃபேக்டரி... எனக்கு ரெண்டு தோட்டம் மேல சந்தேகம் வருது. சித்தப்பா மகன் டிக்கோயாவுலதான் வேல பாக்குறான், அவனப் போயி போட்டோ எடுத்து அனுப்பச் சொல்றேன், அப்பாகிட்ட காட்டுங்க.

ஒத்தக்கடை ரவி
குறுக்க வர்றேன், மன்னிக்கணும். எங்க தாத்தா மலேயா ரப்பர் தோட்டத்துலருந்து ஜப்பான்காரன் புடிச்சுட்டுப் போயி சயாம் மரண ரயில் போட்டதுல செத்தவரு. அதுக்கு இதே மாதிரி போக முடியுமா?

திருமங்கலம் டீச்சர்
முடியும் ரவி, அதுக்குத் தனியா ஒரு இழை போடுங்க. தாய்லாந்து காஞ்சனபுரிக்கு பாங்காக்லருந்து ரயில்லயே போகலாம், அந்தப் பழைய தண்டவாளத்துல ஒரு பகுதி இப்பவும் ஓடுது. 415 கிலோமீட்டர் பாதை, 1942 - 43ல போட்டது. அங்க உள்ள போர்க் கல்லறைத் தோட்டத்துல வெள்ளைக்காரக் கைதிகளுக்கு ஏழாயிரம் கல்லறை கிட்ட, வெட்டி விட்ட புல்லுமா இருக்கு. நம்ம தமிழ்த் தொழிலாளிகளுக்கு அந்த வரிசையில எடம் இல்ல. கொட்டகலை தம்பி சொன்ன அதே கதைதான். போறதுக்கு முன்னாடி தெரிஞ்சுட்டுப் போங்க, இல்லன்னா அங்க நின்னு ஆத்திரந்தான் வரும்.

உசிலம்பட்டி ஓட்டுநர்
ஃப்ளைட்டே எதுக்கு, நாகப்பட்டினத்துலருந்து காங்கேசன்துறைக்கு கப்பல் விடுறாங்கல்ல? 2023ல ஆரம்பிச்சு நடுவுல நின்னு 2024 ஆகஸ்ட்ல மறுபடி விட்டாங்க. காலைல ஏறுனா மத்தியானத்துக்குள்ள அங்க. காங்கேசன்துறையிலருந்து யாழ்ப்பாணம், சங்குப்பிட்டி பாலம், பூநகரி வழியா நேரா மன்னார் எறங்கிரலாம், கொழும்பு பக்கமே போக வேணாம், ஒரு நாள் வேன் வாடக மிச்சம். வடகிழக்குப் பருவமழைல கடல் கொந்தளிச்சா நிறுத்திருவாங்க, ஐப்பசி கார்த்திகைல நம்பாதீங்க. நம்ம வண்டியெல்லாம் ஏத்த முடியாது, ஆளு மட்டுந்தான், நான் கேட்டுப் பாத்துட்டேன் 😀

கூடல்நகர் மணி
நல்ல யோசன. போறது கப்பல், வர்றது கொழும்பு - மதுரை ஃப்ளைட், அப்ப போன ரோட்டுலயே திரும்ப வேண்டியதில்ல. ஆனா திரும்பி வர்ற டிக்கெட்ட பிரிண்ட் எடுத்து கையில வச்சுக்கங்க, இமிக்ரேசன்ல கேப்பாங்க. விசாவுக்கு ஈடிஏ (ஆன்லைன்ல எடுக்குற பயண அனுமதி) அரசாங்க வெப்சைட்லயே போடுங்க, அதே மாதிரி இருக்கிற தனியார் சைட்டுகள் கூடக் காசு புடுங்கும். கட்டணம் உண்டா இல்லையாங்கிறது அடிக்கடி மாறுது, டிக்கெட் போடுற வாரத்துல பாத்துக்கங்க.

மேலூர்க்காரன்
அம்மாவுக்கு பஸ்ல ஏறுனாலே வாந்தி. கப்பல்னு சொன்னதும் நான் வரலன்னுட்டாங்க. அப்பா என்னடான்னா நான் கப்பல்ல வந்தவன், கப்பல்லதான் போவேங்கிறாரு. வீட்டுல இப்ப ரெண்டு கட்சி.

செல்லூர் அக்கா
அப்ப பிரிஞ்சு போங்க. அப்பா, சித்தப்பா, பையன் மூணு பேரும் கப்பல்ல. அம்மாவையும் வீட்டுக்காரியையும் நீங்க ஃப்ளைட்ல கூட்டிட்டுப் போயி கொழும்புக் கோட்டை ஸ்டேசன்ல தலைமன்னார் ரயில் ஏறுங்க. மன்னார்ல எல்லாரும் சேந்துக்கங்க, வேன் அங்கருந்து ஆரம்பிக்கட்டும். ரயில் டிக்கெட் வேன் வாடகையப் பாத்தா ஒண்ணுமே இல்ல.

மன்னார்ல ஒரு ராத்திரி தங்குங்க, திருக்கேதீச்சரம் அங்கதான், சம்பந்தரும் சுந்தரரும் பாடுன தலம், அம்மாவுக்கு ட்ரிப்புல அவங்க பங்கு கெடைச்ச மாதிரி இருக்கும். மறுநாள் வெள்ளன தலைமன்னார் துறையப் பாத்துட்டு கெளம்புங்க. 2023ல மலையக மக்கள் வந்து 200 வருசம் ஆனதுக்கு தலைமன்னார்லருந்து மாத்தளை வரைக்கும் சனங்க நடந்தே போனாங்க, ஜூலை கடைசியில ஆரம்பிச்சு ஆகஸ்ட் 12ல முடிஞ்சது, சுமாரா 250 கிலோமீட்டர். அதே ரோடுதான். வேன்ல ஏசியப் போட்டு கண்ணாடிய ஏத்திக்கிட்டுப் போனா வெறும் ரோடுதான் தெரியும். மதவாச்சி தாண்டி எங்கயாச்சும் நிறுத்தி, பையன எறக்கி ஒரு மைல் நடக்க விடுங்க. வெயில் நம்ம ஊரு மாதிரிதான், காடு மட்டும் வேற.

மாத்தளை முத்துமாரியம்மன் கோயில்ல நிறுத்தாம போயிராதீங்க. நடந்து வந்து உசுரோட மலையடிவாரம் சேந்தவங்க கும்பிட்ட அம்மன். 83 கலவரத்துல எரிச்சுட்டாங்க, மறுபடி கட்டுனது இப்ப இருக்கிறது. மாசி மகத்துக்கு அஞ்சு தேர் ஓடும். அந்தச் சமயம் போனா மலையில மழையும் கம்மி, தோட்டங்கள்ல காமன் கூத்தும் நடக்கும், ஆனா மாத்தளையில ரூம் கெடைக்காது, கண்டியில போட்டுக்கங்க.

கொட்டகலை தம்பி
அக்கா நீங்க இங்க பொறந்திருக்கணும். கண்டியிலருந்து அட்டன் வர்ற வழியில கம்பளை பக்கம் ஒரு பழைய லயத்தையே தோட்டத் தொழிலாளர் மியூசியமா வச்சிருக்காங்க, அம்மி, கொழுந்துக் கூடை, பழைய துண்டு சீட்டு, ரிஜிஸ்டர் எல்லாம் பாக்கலாம். ஹந்தானையில உள்ள பெரிய டீ மியூசியத்துல மெசினும் தொரைமாரும்தான், நேரமில்லன்னா அத விட்ருங்க. ஜேம்ஸ் டெய்லர் 1867ல மொத மொத தேயில போட்ட லூல்கந்துரவுக்கும் ஆச வரும், ரோடு மோசம், பெரியவங்கள வச்சுக்கிட்டு வேணாம்.

நம்ம பக்கம் நெனவுல வைக்க வேண்டிய எடம் வேற இருக்கு. முல்லோயாவுல கோவிந்தன், 1940 ஜனவரியில பதினாறு சதம் சம்பள உயர்வு கேட்டப்ப போலீஸ் சுட்டது. எங்க ஊருக்குப் பக்கத்துல டெவன்ல சிவனு லட்சுமணன், 1977 மே மாசம், தோட்டத்துக் காணியப் பிரிச்சுக் குடுக்கக் கூடாதுன்னு நின்னவரு, அவரையும் போலீஸ் சுட்டுருச்சு. டெவன் ஃபால்ஸ்ல எல்லா டூரிஸ்ட்டும் வேன நிறுத்தி செல்ஃபி எடுப்பான், அந்தப் பையனப் பத்தி யாரும் சொல்ல மாட்டான். நீங்க வந்தா நான் காட்டுறேன்.

2025 நவம்பர்ல டிட்வா புயல் மலைநாட்ட ரொம்ப அடிச்சிருச்சு, மண்ணு சரிஞ்சு ரோடு, ரயில் பாதை எல்லாம் போச்சு. கெளம்புறதுக்கு முன்னாடி எந்த ரோடு தொறந்திருக்கு, எந்த ரயில் ஓடுதுன்னு எனக்கு ஒரு மெசேஜ் போடுங்க. ஸ்வெட்டர் எடுத்துட்டு வாங்க, மதுரைக்காரங்க எல்லாரும் இதச் சிரிச்சுட்டு வந்து அட்டன் டவுன்ல வாங்குறாங்க. மழை பேஞ்சா கால்ல அட்டைப்பூச்சி ஏறும், சவுக்காரம் தேச்சுக்கங்க.

வைகைக்கரை பெருசு
சரி சரி. போறதுன்னு ஆகிப்போச்சு, லயத்து வீடுகளுக்கு வெறுங்கையோட போகாதீக. பணத்த நீட்டாதீக, கேவலமா நெனைப்பாக. அப்பன் கூடப் பொறந்து வளந்த சனம் யாராச்சும் உசுரோட இருக்கும், அவுகளுக்கு ஒரு சுங்குடிச் சேலையும் வேட்டியும் எடுத்துக்கங்க. ரெண்டு மூணு கூடவே எடுங்க, யாரு வருவாகன்னு தெரியாது.

மேலூர்க்காரன்
பெருசே மாறிட்டாரு! கணக்குப் போட்டுப் பாத்தேன். கப்பல், ஒரு வழி ஃப்ளைட், வேன் மன்னார்லருந்து கொழும்பு வரைக்கும், ரூமு, சாப்பாடு எல்லாம் சேத்து தலைக்கு 40க்குள்ள வருது, அம்மா பக்கம் மட்டும் ஃப்ளைட் ரெண்டு வழியும் ஆகுறதால கொஞ்சம் கூடுது. ஹந்தானை, நுவரெலியா ரெண்டையும் தூக்கிட்டேன். பையன் மூஞ்சியத் தூக்கி வச்சிருக்கான், அவனுக்கு டெவன் ஃபால்ஸ் போதும்னு சொல்லிருக்கேன். மாசி மகத்த ஒட்டிப் போறதா முடிவு. அப்ப கப்பல் ஓடுமான்னு மட்டும் பாக்கணும்.

தம்பி, அந்த போட்டோ?

கொட்டகலை தம்பி
வந்துருச்சு அண்ணே, உங்க இன்பாக்ஸ்ல போட்டிருக்கேன், ரெண்டு தோட்டமும் எடுத்திருக்கான். மொதத் தோட்டத்துல ஃபேக்டரிய மூடி வருசமாச்சு, தகரம் எல்லாம் கழட்டிட்டாங்க, ஆனா முனி இருக்கு. ரெண்டாவதுல ஆத்தோரம் கருப்பு இருக்கு, சவுக்கு மரம் இல்ல, அடிக்கட்ட மட்டும் இருக்கு. அப்பாகிட்ட காட்டுங்க.

மேலூர்க்காரன்
ரெண்டாவதுங்கிறாரு. மரத்த எவன்டா வெட்டுனதுன்னு கத்திக்கிட்டு இருக்காரு. அந்தத் தோட்டத் தலைவர் நம்பர் வாங்கிக் குடு தம்பி, ஞாயித்துக்கெழம பேசிரலாம்.